மயாகோவ்ஸ்கயா: 33 மீட்டர் ஆழத்தில் 34 வானங்கள்

மாஸ்கோ மெட்ரோவின் மயாகோவ்ஸ்கயா நிலையத்தை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே கோணத்துப் படம்தான் கிடைக்கும். நடுக்கூடத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்து எடுத்த படம். எஃகு வளைவுகள் வரிசை கட்டி ஓடும், தரை பளபளக்கும். நல்ல படம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த நிலையத்தின் உயிரான 34 மொசைக் ஓவியங்களில் ஒன்றுகூட அதில் தெரியாது. ஓவியங்கள் விதானக் குழிகளுக்குள் அவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன. நேர் கீழே போய் நின்று கழுத்தை மடக்கி மேலே பார்த்தால்தான் உண்டு. இந்த மெட்ரோவின் மிகச் சிறந்த நிலையம் என்று பலரும் சொல்லும் இடத்தின் பெருமையும் குறையும் இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கிவிடுகின்றன.

நிலையம் இருப்பது பச்சை நிறத்தில் குறிக்கப்படும் 2ஆம் தடத்தில், த்வெர்ஸ்கயாவுக்கும் பெலருஸ்கயாவுக்கும் நடுவில். திறந்தது 1938 செப்டம்பர் 11. மாஸ்கோவில் மெட்ரோ ஓடத் தொடங்கி (1935 மே 15) மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டடக் கலைஞர் அலெக்சேய் துஷ்கின். அப்போது அவருக்கு வயது 34தான்.

முதலில் தூண்களைப் பற்றிப் பேச வேண்டும். ஓவியத்தைப் பார்க்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தூண் புரியாமல் ஓவியம் புரியாது.

அந்தக் காலத்தில் ஆழ்நிலை ரயில் நிலையம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று சுரங்கக் குழாய்கள். இரண்டு ஓரக் குழாய்களில் ரயில் வரும், நடுக்குழாய் மக்கள் நடமாடும் கூடம். குழாய்களுக்கு இடையே தடித்த சுவர்த்துண்டுகளை விட்டுவிட்டு, நடுநடுவே கதவு போல வழி திறப்பார்கள். மேலே இருக்கும் மண்ணின் பாரத்தை அந்தச் சுவர்த்துண்டுகள் தாங்கும். பாதுகாப்பான முறைதான். ஆனால் கூடத்தில் நிற்பவருக்கு வந்த ரயில் தெரியாது, நடைமேடையில் நிற்பவருக்குக் கூடம் தெரியாது. மூன்று தனித்தனிச் சந்துகளுக்குள் நிற்கிற உணர்வு. இதே துஷ்கின் இதே 1938இல் கட்டிய 'புரட்சிச் சதுக்கம்' நிலையம், அதாவது ப்ளோஷத் ரெவல்யூத்சீ, அந்த வகை. அங்கே சுவர்த்துண்டுகளின் கனத்தை மறைக்க முடியாமல், வளைவுகளின் மூலைகளில் மத்வேய் மனீசர் வடித்த 76 வெண்கலச் சிலைகளை உட்கார வைத்தார்கள். சிலைகள் புகழ்பெற்றுவிட்டன, கனம் அப்படியேதான் இருக்கிறது.

மயாகோவ்ஸ்கயாவில் அந்தச் சுவர்த்துண்டுகளே இல்லை. அவற்றின் இடத்தில் ஒல்லியான எஃகுத் தூண்கள், தூண்களின் தலையில் நீளவாக்கில் ஓடும் உத்தரங்கள், உத்தரங்களின் மேல் வளைகூரை. 33 மீட்டர் மண்ணின் பாரம் அந்தத் தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. இவ்வளவு ஆழத்தில் இந்த முறையில் கட்டப்பட்ட உலகின் முதல் நிலையம் இதுதான். பலன் உள்ளே நுழைந்ததும் தெரியும். மூன்று கூடங்களும் ஒரே கூடமாகிவிட்டன. எந்த இடத்தில் நின்றாலும் இரு பக்க ரயிலும் கண்ணில் படும். பூமிக்கடியில் இருக்கிறோம் என்ற அமுக்கம் இல்லை. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்தக் கூடத்தின் ஒரு பகுதியை முழு அளவு மாதிரியாகக் கட்டி வைத்தார்கள், முதல் பரிசும் வாங்கினார்கள். பரிசு ஓவியத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தூண்கள் இல்லாமல் அது கிடைத்திருக்காது.

தூண்களைச் சுற்றி ஓடும் வரிவரியான பளபளப்பு துருப்பிடிக்காத எஃகு, நம் வீட்டுப் பேச்சில் எவர்சில்வர். அது பாரம் தாங்கவில்லை, வெறும் போர்வைதான். தாங்குகிற எஃகு உள்ளே இருக்கிறது. இந்தத் தகடுகளை அழுத்தி வரி போட்ட இடம் மாஸ்கோவுக்கு வெளியே தல்கப்ருத்னியில் இருந்த ஆகாயக் கப்பல் ஆலை. அகலமான உலோகப் பட்டைகளை நீளமாக, நெளிவில்லாமல் வளைக்கும் எந்திரம் வேண்டியிருந்தது. அது வானூர்தி செய்பவர்களிடம் இருந்தது. கூரையில் பறக்கும் விமானங்களுக்கும் தூணில் மின்னும் தகட்டுக்கும் தாய்வீடு ஒரே தொழில்தான்.

தூணின் கீழ்ப்பகுதியில், நம் தோளும் பையும் உரசும் உயரத்தில், விளிம்புகளில் ஒரு ரோஜா நிறக் கல் பதித்திருக்கும். ரோடனைட், ரஷ்ய மொழியில் அர்லேத்ஸ். உரால் மலையில் கிடைக்கும் அலங்காரக் கல். கிட்டே போய்ப் பாருங்கள்: ரோஜா நிறத்துக்குள் கறுப்பு நரம்புகள் ஓடும். அந்தக் கறுப்பு மாங்கனீசு ஆக்சைடு. இந்தக் கறைதான் கல்லுக்கு அழகு என்று கல்வேலைக்காரர்கள் சொல்வார்கள். எஃகின் குளிர்ச்சியும் இந்தக் கல்லின் இளஞ்சூடும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது துஷ்கினின் மிக நுட்பமான முடிவு. எஃகு மட்டும் இருந்திருந்தால் மருத்துவமனை வாடை அடித்திருக்கும், கல் மட்டும் இருந்திருந்தால் இன்னொரு அரண்மனை ஆகியிருக்கும். மாஸ்கோ மெட்ரோவில் அரண்மனைகளுக்குப் பஞ்சமே இல்லை.

இடையில் ஒன்று. வளைவின் எஃகு வரிப்பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்து வேகமாக மேல்நோக்கிச் சுண்டினால், அது பள்ளத்திலேயே ஓடி, உச்சியைத் தாண்டி, மறுபக்கத் தூண் வழியாக இறங்கும் என்பது மாஸ்கோ பிள்ளைகளின் பழைய வித்தை. நடக்கக்கூடியதுதான். ஆனால் சுண்டும் வேகம் போதாவிட்டால் நாணயம் உச்சியிலிருந்து கழன்று கீழே போகிறவர் மண்டையில் விழும். கூட்டம் இருக்கும்போது கையை அடக்கிக்கொள்வது நல்லது.

இப்போது மேலே பார்க்கலாம்.

நடுக்கூடத்தின் கூரை ஒரே வளைவு அல்ல. குறுக்கு வளைவுகள் அதைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நீள்வட்டக் குழி, குழிக்குள் இன்னும் உள்ளடங்கிய இன்னொரு குழி. உள்குழியின் அடியில் மொசைக். குழியின் விளிம்பைச் சுற்றி விளக்குகள். ஆக, ஓவியமும் விளக்கும் ஒரே துளைக்குள் இருக்கின்றன. தொங்குவிளக்கு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கூடம் உண்மை உயரத்தைவிட உயரமாகத் தோன்றுகிறது.

மொசைக் என்றதும் நம் ஊர் வீடுகளின் புள்ளி போட்ட தரை நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இங்கே பயன்படுத்தியது ஸ்மால்ட்: உலோக ஆக்சைடுகள் கலந்து நிறமேற்றிய, ஒளி ஊடுருவாத கண்ணாடி. அதைச் சிறு சில்லுகளாக உடைத்துப் பதிக்கிறார்கள். சுரங்கத்தில் சுவரோவியம் வரைந்தால் நிலத்தடி ஈரம் சாயத்தை உரித்துவிடும், ரயில்களின் இரும்புத் தூசு படிந்து கறுத்துவிடும். கண்ணாடியை ஈரம் ஒன்றும் செய்யாது, துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும். ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு சாய்வில் இருப்பதால், ஓரத்து விளக்கொளி பட்டு, பார்ப்பவர் நகர நகர வானம் மினுங்குகிறது.

வரைந்து கொடுத்தவர் அலெக்சாந்தர் தெய்நேக்கா. பொருள்: 'சோவியத் வானத்தின் ஒரு நாள்'. சில்லுகளாக்கியது லெனின்கிராதில் விளாதிமிர் ஃப்ரலோவின் பட்டறை. ஃப்ரலோவ் கையாண்டது தலைகீழ் முறை. ஓவியத்தின் கண்ணாடிப் பிம்பத்தைத் தாளில் வரைந்து, சில்லுகளின் முகம் தாளில் படும்படி ஒட்டுவார்கள். பின்பக்கம் காரை வார்த்து, இறுகியதும் பலகையாகத் திருப்பித் தாளை நனைத்து உரித்தால் ஓவியம் வெளிப்படும். பட்டறையில் மேசை மேல் வேலையை முடித்துவிட்டுப் பலகைகளை ரயிலில் ஏற்றி அனுப்பலாம், சாரத்தில் மல்லாந்து ஒவ்வொரு சில்லாகப் பதிக்கும் பாடு இல்லை. முறையில் ஒரு கெடுதலும் உண்டு: வேலை நடக்கும்போது முகப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைத் தவறாக எடுத்திருந்தால், உரித்த பிறகுதான் தெரியும்.

ஓவியங்களைப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. ஒரு முனையில் காலை வெளிச்சம், போகப் போகப் பகல், கூடத்தின் நடுவில் இரவு, மறுமுனையில் மறுபடி விடியல். முதலில் நடுப்பகுதிக்குப் போய் இரவைக் கண்டுபிடித்துக்கொள்வது எளிது: கருநீலப் பின்னணி, கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரம். அங்கிருந்து இரு பக்கமும் நடந்தால் நிறம் வெளுப்பதைக் கண்ணே சொல்லும். விமானங்கள், கிளைடர்கள், வான்குடைக்காரர்கள், ஆகாயக் கப்பல் எல்லாம் எதிர்பார்த்தவைதான். ஒரு வருடம் முன்பு, 1937 ஜூனில்தான் சோவியத் விமானி ச்காலவின் குழு வடதுருவத்தின் மேலாக அமெரிக்காவுக்கு இடைநிற்காமல் பறந்திருந்தது. வானம் அன்றைய சோவியத்தின் பெருமிதம், பிரச்சாரமும்கூட. அதை மறைக்கவும் முயலவில்லை.

ஆனால் தெய்நேக்காவின் திறமை விமானங்களில் இல்லை, தரையில் நிற்பவரின் கண்ணை அவர் கணக்குப் போட்ட விதத்தில் இருக்கிறது. இவை மேலே மாட்டிய சுவர்ப்படங்கள் அல்ல. கீழே மல்லாந்து படுத்திருப்பவர் பார்ப்பதுபோல வரையப்பட்டவை. கம்பு ஊன்றித் தாண்டுபவன் நம் தலைக்கு மேலே தாண்டுகிறான். நீரில் பாயப்போகிறவன் நம் மேலேயே பாய்கிறான். ஆப்பிள் கிளையைப் பார்த்தால் மரத்தடியில் கிடப்பது போலிருக்கும். இந்தக் கோணக் கணக்குக்காகவே ஆப்பிள் கிளையையும் கைப்பந்தாட்டத்தையும் விமானங்களுக்கு மேலே வைக்கலாம். சில விமான ஓவியங்கள் எந்தச் சுவரொட்டியிலும் இருந்திருக்கக்கூடியவை.

முதலில் இருந்தவை 35 ஓவியங்கள், இப்போது கண்ணில் படுபவை 34. பழைய நூல்களிலும் புதிய பலகைகளிலும் எண்ணிக்கை மாறி வருவதற்கு இதுவே காரணம். எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறதே என்று குழம்ப வேண்டாம்.

வடிவமைப்பின் குறை என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்: இவ்வளவு கணக்குப் போட்டு வரைந்ததை இவ்வளவு உள்ளே ஒளித்திருக்கிறார்கள். நடந்துபோகிறவரின் பார்வைக்கோணத்தில் எதுவும் சிக்காது. வேலைக்குப் போகும் கூட்டத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், ஒருவரும் அண்ணாந்து பார்க்க மாட்டார். தினமும் வருபவர்கள் என்பதால் மட்டுமல்ல, நின்றால்தான் தெரியும் என்பதாலும்தான். கட்டடமாக நிலையத்துக்கு முழு மதிப்பெண். ஓவியமாக ஓவியத்துக்கும் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். இரண்டையும் சேர்த்துவைத்த விதத்துக்குப் பாதிதான் தர முடியும்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: விளிம்பு விளக்குகள்தான் எதிரி. கேமரா அவற்றின் வெளிச்சத்தை அளந்துகொண்டு நடுவில் உள்ள மொசைக்கை இருட்டாக்கிவிடும், அல்லது மொசைக்கைக் காப்பாற்றி விளிம்பை வெள்ளையாக எரித்துவிடும். கைப்பேசியில் திரையின் நடுவே, ஓவியத்தின் மேல் விரல் வைத்துக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அகலக்கோணம் வேண்டாம், அதில் எஃகு வளைவுகள் ஓவியத்தைத் தின்றுவிடும். இரண்டு மடங்கு நெருக்கத்தில் எடுங்கள். கைப்பேசியை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்து, குழியின் நடுவுக்கு நேர் கீழே நின்றால் நீள்வட்டம் கோணாமல் வரும். முக்காலியும் ஃப்ளாஷும் கொண்டுபோக வேண்டாம். நாள்: ஞாயிறு, நேரம்: அதிகாலை. நிலையம் காலை 5.30 மணி வாக்கில் திறந்து இரவு 1 மணி வரை இயங்கும். வேலை நாள்களின் காலையும் மாலையும் ரயில்கள் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். அப்போது நடுக்கூடத்தில் அண்ணாந்து நிற்பது மற்றவர்களுக்கும் இடைஞ்சல். ஒரு நல்ல விஷயம், இங்கே வேறு தடத்துக்கு மாறும் வழி கிடையாது. அதனால் மாறுநிலையங்களில் ஓடுவதுபோல் கூட்டம் குறுக்கும் நெடுக்கும் ஓடாது.

இரண்டு வாசல்கள். தெற்கு வாசல் சாய்கோவ்ஸ்கி இசையரங்கக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு கசப்பான கதை உண்டு. அது நாடக இயக்குநர் மெயர்ஹோல்துக்காகத் திட்டமிடப்பட்ட அரங்கு. கவிஞர் மயாகோவ்ஸ்கியின் நாடகங்களை மேடையேற்றியவர் அவர். 1938 ஜனவரியில் அவருடைய நாடகக் குழு மூடப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் கவிஞரின் பெயரில் நிலையம் திறந்தது, 1940 பிப்ரவரியில் மெயர்ஹோல்தைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டே கட்டடம் இசையரங்கமாகத் திறக்கப்பட்டது. நிலையத்துக்குள் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கவிஞரின் சிலை வெளியே சதுக்கத்தில் நிற்கிறது, 1958இல் வைத்தது.

வடக்கு வாசல் 2005இல் திறந்தது. அங்கேயும் கூரையில் மொசைக் வானம், மயாகோவ்ஸ்கியின் கவிதை வரிகளோடு. செய்தவர் இவான் லுபென்னிகவ். தெய்நேக்காவைப் போலி செய்யாமல் தன் பாணியில் செய்திருப்பது மரியாதை. வரிகளைப் படிக்க ரஷ்யன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அலங்காரமாகத்தான் நிற்கும். பழைய கூடத்தின் அடக்கம் இங்கே இல்லை. ஆனாலும் ஒருமுறை பார்க்கலாம். தெற்கில் நுழைந்து வடக்கில் வெளியேறினால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

போர்க்காலத்தைச் சொல்லாமல் இந்த நிலையத்தை முடிக்க முடியாது. 1941 ஜூலை 21 இரவு மாஸ்கோ மேல் முதல் பெரிய குண்டுவீச்சு. அன்று தொடங்கி மெட்ரோ நிலையங்கள் பதுங்கிடங்களாயின. அக்டோபர் 16 காலை, ஜெர்மன் படை நெருங்கிவிட்டது என்று மெட்ரோவையே அழிக்கும் உத்தரவு வந்து, ரயில்கள் ஓடாமல் நின்றன. மாலைக்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறுபடி ஓடின. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6 மாலை, புரட்சி நாள் கூட்டத்தை வழக்கமான அரங்கில் நடத்த வழியில்லாமல் இங்கே நடத்தினார்கள். நடுக்கூடத்தில் நாற்காலிகள், முனையில் மேடை. ஒரு பக்கத் தண்டவாளத்தில் கதவைத் திறந்து வைத்து நின்ற ரயில்தான் உடுப்பு மாற்றும் அறையும் சிற்றுண்டிச்சாலையும். ஸ்டாலின் மறுபக்கத் தண்டவாளத்தில் ரயிலில் வந்து இறங்கி உரையாற்றினார், அது வானொலியில் போயிற்று. மறுநாள் செஞ்சதுக்க அணிவகுப்பு. அந்தக் கூட்டத்தின் புகைப்படங்களை முன்பே பார்த்துக்கொண்டு போனால், மேடை எந்த முனையில், ரயில் எந்தப் பக்கம் என்று அங்கேயே பொருத்திப் பார்க்கலாம். சுவர்த்துண்டு வகை நிலையத்தில் இப்படிக் கூட்டமே நடத்தியிருக்க முடியாது, பாதிப்பேருக்கு மேடை தெரிந்திருக்காது.

பயணச்சீட்டு விவரம்: ட்ரோய்கா அட்டை வாங்கிக் காசு ஏற்றிக்கொள்வது எளிது. ரஷ்யாவுக்கு வெளியே கொடுக்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது, ரூபிள் நோட்டு கையில் இருக்கட்டும். நுழைவாயிலில் பையைச் சோதிக்கலாம். கட்டணம் தூரத்தைப் பொறுத்ததல்ல, வெளியேறும்போது அட்டையைத் தட்ட வேண்டியதும் இல்லை. உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே போகாமல் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். எழுத்து படிக்க வராதவர்களுக்கு ஒரு உபாயம்: இந்தத் தடத்தில் ரயில் நகர மையத்தை நோக்கிப் போனால் அறிவிப்பு ஆண் குரலில் வரும், மையத்தை விட்டு விலகிப் போனால் பெண் குரலில் வரும்.

அந்த ஒரே கட்டணத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் குரல் ரயிலில் ஏறி இரண்டாவது நிறுத்தம் தியாத்ரால்னயா. அங்கிருந்து உள்வழியாகவே புரட்சிச் சதுக்கத்துக்கு நடந்து, துஷ்கின் அதே ஆண்டில் கட்டிய சுவர்த்துண்டு நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். மறுபடி 2ஆம் தடத்தில் ஒரே நிறுத்தம், நவகுஸ்னியெத்ஸ்கயா. அங்கே கூரையில் இருப்பவையும் தெய்நேக்கா வரைந்து ஃப்ரலோவ் பதித்த மொசைக்குகள்தான். பாவெலேத்ஸ்கயா நிலையத்துக்காகச் செய்தவை, இங்கே வந்து சேர்ந்தன. லெனின்கிராது முற்றுகைக்குள் இருந்தபடி ஃப்ரலோவ் முடித்த கடைசி வேலை அது. 1942 பிப்ரவரியில் அந்த முற்றுகையிலேயே இறந்துபோனார். அவற்றைப் பார்க்கவும் நேர் கீழே போய்த்தான் நிற்க வேண்டும்.